ஆபத்து: இல்லை

மனநலப் பிரிவின் வெளிநோயாளிகள் சன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சீட்டு எழுதித் தருகிற அக்கா, அவ்வளவுதான். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒருமுறை ஆஸ்பத்திரியின் தலைமை அதிகாரியே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமலில் மறைத்துக்கொண்டார்.

அந்தப் பிரிவுக்கு அவள் விரும்பி வரவில்லை. முதலில் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தாள். பெரிய இடத்து ஆள் ஒருவருக்காக ஒரு சாவுத் தேதியை இரண்டு நாள் தள்ளி எழுதச் சொன்னார்கள். "செத்தவரே வந்து கேக்கட்டும், மாத்திடறேன்" என்றாள். அடுத்த வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றுவது என்பார்களே, அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் காடு மனநலப் பிரிவுதான். பின்கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. மின்சாரம் போனால் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், வந்தவரிடமும் கூட வந்தவரிடமும் கேட்டு நான்கு பக்கப் படிவத்தை நிரப்புவது அவள் வேலை. முதல் வாரம் அவள் நிரப்பியதையெல்லாம் பெரிய டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய டாக்டர் குள்ளமான, நரைத்த பெண்மணி; சிரிப்பதற்கு ஆள் வைத்திருப்பார் போல, தானாகச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. 'பைத்தியம் போல் நடந்துகொள்கிறார்' என்று சீட்டக்கா எழுதியிருந்த இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு.

"இது கூட வந்த மச்சினன் சொன்ன வார்த்தை. எனக்கு எதுக்கு?" என்றார். "என்ன செஞ்சார், எப்பலேர்ந்து செய்யறார், அதை எழுதும்மா."

அந்தச் சிவப்புக் கோடுகளிலிருந்தே அவள் வேலையைக் கற்றுக்கொண்டாள். ஊரில் யாரும் செய்யாததை ஒருவர் செய்கிறார் என்பதால் மட்டும் அது நோயாகிவிடாது. அதனால் அவர் உள்ளுக்குள் வேதனைப்படுகிறாரா, அவருடைய வேலையும் வீடும் கெடுகிறதா, அவருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து உண்டா, எத்தனை நாளாக இப்படி, அதற்கு முன்னால் என்ன நடந்தது? இத்தனையும் கேட்டுச் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டர் பேனாவைத் திறப்பார்.

மனைவி இறந்து பன்னிரண்டு நாளாக, சாயங்காலமானால் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரை மகன்கள் இழுத்துவந்தார்கள். டாக்டர் நாளைக் கேட்டார், நாற்காலியைப் பற்றிக் கேட்டார், பிறகு மகன்களை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் அவரோடு பேசினால் அவர் ஏன் நாற்காலியோடு பேசப்போகிறார் என்று அனுப்பிவிட்டார். உரக்கச் சிரிக்கிறாள் என்பதற்காகப் புகுந்த வீட்டார் கூட்டிவந்த பெண்ணுக்கும் மருந்துச் சீட்டு கிடைக்கவில்லை. ஆனால் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்த ஒரு வங்கி அதிகாரிக்குக் கிடைத்தது. ஊர் உலகத்துக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது. கையைக் கழுவிக் கழுவி விரல் முட்டிகளில் ரத்தம் கசிந்த கையைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். புருஷன் பேசவே மாட்டேன் என்கிறார் என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் அரைமணி நேரம் முறையிட்டபோது, எத்தனை நாளாக என்று சீட்டக்கா அந்தப் புருஷனைக் கேட்டாள். "இருபது வருஷமாச்சு. இன்னிக்குத்தான் யாரோ என்னைக் கேக்கறாங்க" என்றார். அன்றைக்கு மட்டும் பெரிய டாக்டரின் அறைக்குள்ளிருந்து சிரிப்பு போல ஏதோ கேட்டதாக ஆயாக்கள் சொன்னார்கள்.

சீட்டக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெட்டியில் ஏறிப் பொத்தானை அமுக்குகிறவர்களுக்கு அது ஒரு பெட்டி. அவருக்கு அது ஒரு தராசு. கம்பிக் கயிற்றின் ஒரு முனையில் ஆள் ஏறும் பெட்டி, மறுமுனையில் சுவரோரமாக ஏறி இறங்கும் இரும்பு எடை. பெட்டி மேலே போனால் எடை கீழே வரும். காலிப் பெட்டியைவிட எடை கனம். இதை அவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு டம்ளரையும் ஒரு நூலையும் வைத்து விளக்குவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைபட்ட லிஃப்டில் ஒருவருக்கும் ஒரு நகம் பெயர்ந்ததில்லை. பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள். அந்த வேலையில் சந்தேகப்படாதவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவருக்கு ஜோடி, சீட்டக்காவின் சொந்தத் தம்பி. பதினோரு வருடமாக இருவரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். ஒருவர் மொட்டைமாடிக்குப் பக்கத்து மோட்டார் அறையில் நின்றால் மற்றவர் கீழே, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இருப்பார். பள்ளத்தில் இறங்குகிறவர் மேலே மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அந்த விதியைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தம்பி அவரை மாமா என்பான். அவர் மச்சான் என்பார். சீட்டக்காவிடம் சொல்லாததைக்கூட இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தம்பியும் போச்சு, புருஷனும் போச்சு என்று அவள் வேடிக்கையாகச் சொல்வாள்.

வேறொரு கம்பெனியின் லிஃப்ட் வேறொரு கட்டடத்தில் ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். அங்கிருந்துதான் தொடங்கியது. செய்தி வந்த வாரம் அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் கயிறுகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. விடுமுறை நாளில் வெளியே போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை பார்த்த லிஃப்டையே மறுபடி பார்க்கப் போனார். கயிற்றின் பருமனை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். ஒரு கயிறு தேய்கிற வேகத்தைவிட இது வேகமாகத் தேய்கிறது என்றார். பிறகு, இது தேய்வதில்லை என்றார்.

"பின்னே?" என்றாள் சீட்டக்கா.

"மாத்தறாங்க. நல்ல ரோப்பைக் கழட்டிட்டுப் பழசை மாட்டறாங்க."

யார் என்று கேட்டாள். கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

வெட்டிப்போட்ட கயிற்றுத் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் ஒரு வாளியில் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் துணிப்பட்டை சுற்றி இடமும் நாளும் எழுதியிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துவிடுவார். ஒருநாள் அவருடைய பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதிய துளை போட்டிருந்ததைத் துணி மடிக்கும்போது பார்த்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் எத்தனையோ மனைவிகளிடம் 'எப்போது முதன்முதலாகக் கவனித்தீர்கள்' என்று கேட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்த்து, கூடவே இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது என்று மனசுக்குள் நினைத்தவள்தான் அவள். இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. கவனித்த நாள் தெரியும், வாரம் தெரியும். தூக்கம், பசி, வேலை, வீடு என்று ஒவ்வொரு கட்டமும் எப்படி நிரம்பும் என்று காய்கறி நறுக்கிக்கொண்டே மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டாள். பிறருக்கு ஆபத்து என்ற ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அதுவும் ஒரு காலையில் நிரம்பியது.

ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், அவர் சொன்னார்: "உன் தம்பிதான்."

"என்ன என் தம்பி?"

"அவன்தான் கைவைக்கிறான். பள்ளத்துல இறங்கினா அரைமணி நேரம் என்ன வேலை அவனுக்கு? நான் மேல இருக்கேன், எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறான்."

தம்பி போன மாதம்கூட மாமாவுக்கு வேலை பளு ஜாஸ்தி, நான்தான் பாதியை இழுத்துப்போட்டுச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தான். வாயைத் திறந்தால் எது வருமோ என்று பயந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாளே பெரிய டாக்டரிடம் போயிருக்கலாம். முப்பது அடி தூரம். ஏன் போகவில்லை என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள், அவளும் கேட்டுக்கொண்டாள். அவமானம் என்பது பாதி. தன்னிடம் சீட்டு வாங்கிப் போகிறவர்களைப் பற்றி டீக்கடையிலும் மருந்து கொடுக்கும் இடத்திலும் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி அவருடைய வேலை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனநோய் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டால், அவர் மறுபடி ஒரு மோட்டார் அறைக்குள் போக முடியாது. அந்த வேலை இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியூரில் படிக்கும் மகள் கடைசி வருடத்தில் இருந்தாள். அவள் படிப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

தவணை அவள் கையில் இல்லை. ஒரு எட்டு மாடிக் குடியிருப்பின் லிஃப்டை அவர் மூன்று நாள் நிறுத்திப் பூட்டிவிட்டார். நெஞ்சுவலி வந்த ஒரு முதியவரை நாற்காலியில் வைத்து ஏழு மாடி தூக்கி இறக்கினார்கள். புகார் போயிற்று. கம்பெனி மேனேஜர் அவரைக் கூப்பிட்டு மரியாதையாகவே பேசினார். மனநிலை சரியாக இருக்கிறது, வேலை செய்யத் தகுதியானவர் என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள், அதுவரை வரவேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் சீட்டக்காவின் ஆஸ்பத்திரிதான். ஊரில் வேறு கிடையாது.

பெரிய டாக்டர் ஒரு பயிற்சிக்காக ஒரு மாதம் வெளியூர் போகப்போவது அவளுக்குத் தெரியும். அந்த நாட்களில் சின்ன டாக்டர் பார்ப்பார். சின்ன டாக்டர் நல்ல மாதிரி. ஆனால் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. படிவத்தில் இருப்பதை வரிவரியாகப் படித்துவிட்டு, அதையே கேள்வியாகக் கேட்பார். கூட்டம் அதிகமான திங்கட்கிழமையை அவள் தேர்ந்தெடுத்தாள்.

அதற்கு முந்தைய நான்கு நாளும், சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் பாடம் நடந்தது.

"தூக்கம் எப்படி?"

"வர்றதில்ல."

"ஆறு மணி நேரம் தூங்கறேன்னு சொல்லுங்க. எட்டுன்னு சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க."

"ஆறு மணி நேரம்."

"அந்த எட்டு மாடிக் கட்டடத்துல ஏன் லிஃப்டை நிறுத்தினீங்க?"

"ரோப்பை மாத்தியிருந்தாங்க."

"இல்ல. ரோப்புல தேய்மானம் தெரிஞ்சுது, பாதுகாப்புக்காக நிறுத்தினேன். ஆனா முன்னாடியே தகவல் சொல்லியிருக்கணும், அது என் தப்பு. தப்புன்னு ஒண்ணு ஒத்துக்கணும். அப்பத்தான் தெளிவா இருக்கறதா எழுதுவாங்க."

அவர் அதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னார். கூர்மையான மனுஷர், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தபோதுதான் நின்றார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"உன் தம்பி மேல இருக்கே."

"அதைச் சொல்லக் கூடாது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வேலை வேணுமா, வேண்டாமா?"

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார், உங்கள் டாக்டர்கள் ஒருவன் சொல்வதை வைத்துத்தானா முடிவு செய்கிறார்கள் என்று. சொல்வதை வைத்தும், கூட வந்தவர் சொல்வதை வைத்தும்தான் என்றாள்.

"நான் ஒரு ரோப்பைக் கையால தடவி, அளந்து பாத்துத்தான் நம்புவேன்" என்றார். "உங்க வேலை லேசு."

அந்தத் திங்கட்கிழமை அவள் தன் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் கணவருடைய படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பினாள். உறவினர் படிவத்தை வேறு யாராவது நிரப்ப வேண்டும் என்பது விதி. பக்கத்து மேசைக்காரி மருந்துப் பட்டியலில் மூழ்கியிருந்தாள். தூக்கம்: ஆறு மணி நேரம். பசி: உண்டு. வேலை: தடங்கல் இல்லை. தவறான நம்பிக்கைகள்: இல்லை. பிறருக்கு ஆபத்து என்ற கட்டத்தில் பேனா நின்றது. நின்றதை அவளே பார்த்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வரிசையில் யாரோ சீக்கிரம் எழுதும்மா என்றார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

உள்ளே சின்ன டாக்டர் வரிவரியாகக் கேட்டார், அவர் வரிவரியாகச் சொன்னார். சொல்லிக்கொடுக்காத ஒரே கேள்வி, உங்கள் வேலையில் உங்களுக்குப் பிடித்தது எது என்பது. அதற்கு அவர் பதறவில்லை. ஒரு லிஃப்ட் ஒரே கயிற்றில் தொங்குவதில்லை; நான்கு, ஐந்து கயிறுகள் உண்டு; ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்; அப்படி யோசித்து ஒருவன் கட்டியிருக்கிறானே, அது பிடிக்கும் என்றார். சின்ன டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

தம்பியிடம் அவள் சொல்லாமல் இல்லை. சொன்னதுதான் பாதியாக இருந்தது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் பார்த்து நடந்துகொள் என்றாள். மாமாவைவிட ஜாக்கிரதையான ஆள் இந்தத் தொழிலிலேயே கிடையாது அக்கா, நீ கவலைப்படாதே என்று அவன் சிரித்தான். அவள் மேலே எதுவும் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்த வாளியை அவரே எடுத்துக் கொட்டினார். நாம் பயந்ததுதான் அதிகம் என்று அவள் நினைத்தாள். உண்மையில், எதைச் சொன்னால் வேலை போகும் என்று அவர் கற்றுக்கொண்டிருந்தார். அவளிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான்.

பதினேழாவது நாள், ஒரு ஆறு மாடி அலுவலகக் கட்டடம். தம்பி மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்தான், தன் பூட்டைப் போட்டான், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே பள்ளத்தில் இறங்கினான். எண்ணெய்க் கசிவைத் துடைக்க, எடை வந்து இறங்கும் பக்கத்துச் சுவரோரம் குனிந்தான். காலிப் பெட்டி இரண்டாவது மாடியில் நின்றிருந்தது. மேலே மோட்டார் அறையில் நின்ற அவருக்குத் தோன்றியது, மச்சான் இந்நேரம் பெட்டிக்கு மேலே கயிற்றில் ஏதோ செய்துவிட்டான் என்று. அந்த இடத்துக் கயிற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் பெட்டி மேலே வரவேண்டும். மின்சாரம் இல்லை, பூட்டு இருக்கிறது. பூட்டை அவர் தொடவில்லை. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் நெம்புகோலை எடுத்து பிரேக்கைக் கையால் விடுவித்தார். காலிப் பெட்டியைவிட எடை கனம். பெட்டி மேலே ஏறியது. எடை கீழே இறங்கியது.

சத்தம் கேட்டு காவலாளி ஓடிவந்தபோது அவர் படி வழியாக நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் எண்ணெய்த் துணி. "பாத்துட்டேன். ரோப்பு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தம்பியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அறுவைக்கு முன்னால் அவன் உடைகளைக் கழற்றிய நர்ஸ், சட்டைப்பையிலிருந்த பூட்டுச் சாவியைக் கொண்டுவந்து சீட்டக்காவின் கையில்தான் கொடுத்தாள்.

கணவரை அதே நாள் மனநலப் பிரிவின் உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். விசாரணை என்று ஒன்று தொடங்கியது. கம்பெனி அந்தக் கடிதத்தைக் காட்டியது. கடிதத்தில் சின்ன டாக்டரின் கையெழுத்து இருந்தது. பயத்தில் அவருக்கு முகம் வெளுத்து, சாப்பாட்டு அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சீட்டக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பழி அவரோடு போயிருக்கும். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லைதான். நான்காம் நாள் பெரிய டாக்டர் ஊரிலிருந்து திரும்பினார். சீட்டக்கா அவருடைய அறைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் மேல் கணவர் சந்தேகம் சொன்ன காலைப் பொழுதைச் சொன்னாள், சமையலறைப் பாடத்தைச் சொன்னாள்.

பெரிய டாக்டர் அந்தப் படிவத்தை எடுத்து வரச்சொல்லி நான்கு பக்கமும் படித்தார். சிவப்புப் பேனா மேசையில் இருந்தது; அதை எடுக்கவில்லை.

"இந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதறப்போ என்னம்மா நெனைச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல டாக்டர். அடுத்த கட்டம் என்னன்னு பாத்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டவில்லை. சொன்னதையெல்லாம் எழுதிக் கொடு என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அவளை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்; பிறகு சன்னலுக்குத் திரும்ப விடாமல், சலவைப் பிரிவில் வார்டுத் துணிகளை எண்ணி வாங்கும் இடத்தில் போட்டார்கள். சின்ன டாக்டர் தப்பித்தார். அவர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

தம்பியிடம் சொல்வதுதான் பாக்கி. பதினோராம் நாள் அறுவை வார்டுக்குப் போனாள். தம்பி மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் இளைத்திருந்தான், ஆனாலும் அக்காவைப் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொண்டான். மாமா எப்படி இருக்கார் என்றுதான் முதலில் கேட்டான். பாவம், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்றான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றாள் அவள். "உன் மேலதான் சந்தேகம்னு என்கிட்ட சொல்லிட்டார். டாக்டர்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். உன்கிட்டயும் மறைச்சுட்டேன்."

தம்பி மனைவியின் கை துண்டோடு அப்படியே நின்றது.

"எப்ப சொன்னார்?" என்று அவன் கேட்டான்.

"அந்தக் கடுதாசி வாங்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

அவன் போர்வையைப் பார்த்தான். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்த போர்வை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"மாமாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தம்பி மனைவி எழுந்து, போங்கக்கா என்று மட்டும் சொன்னாள்.

மருந்து கணவருக்கு வேலை செய்தது. ஏழாவது வாரம் சந்தேகம் கரையத் தொடங்கியது. பத்தாவது வாரம் மிச்சமில்லாமல் போனது. போன இடத்தில், என்ன செய்தோம் என்பது வந்து உட்கார்ந்தது. அதுவரை ரோப்பு, மோட்டார் என்று பேசிக்கொண்டாவது இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சன்னலோரம் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தால் சாப்பிடுவார். சில நேரம் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டே இருப்பார். சீட்டக்கா மறுபடி பெரிய டாக்டரிடம் போனாள். சலவைப் பிரிவின் உடுப்போடு, வெளியே பெஞ்சில் மற்றவர்களோடு காத்திருந்து, தன் முறை வந்ததும் உள்ளே போனாள். நோய் திரும்பிவிட்டதா, மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டாள்.

டாக்டர் அவரிடம் தனியாக ஒருமணி நேரம் பேசியிருந்தார். சாப்பாடு, தூக்கம், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று எல்லாம் கேட்டிருந்தார். கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதம் தவறாமல் கூட்டிவர வேண்டும் என்றார். இது முற்றினால் அதுவே நோயாகலாம், அப்போது மருந்து தருவேன் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப அவருக்கு இருக்கறது நோய் இல்லம்மா. செஞ்சது என்னன்னு தெரிஞ்ச மனுஷனுக்கு இப்படித்தான் வலிக்கும். வலிக்கலைன்னாத்தான் நான் பயப்படணும். அதுக்கு மாத்திரை கெடையாது."

எனக்கு, என்று சீட்டக்கா கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. டாக்டரும், அவள் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படிக்கட்டில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. அவர்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடி. சத்தம் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. கதவைத் திறந்தாள். தம்பி வியர்த்து நின்றான். அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியைப் பார்த்து, வழி விட்டதும் உள்ளே வந்தான். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலிக்கு எதிரே, சுவரில் முதுகு படத் தரையில் உட்கார்ந்தான். அவர் தலை குனிந்துகொண்டார்.

தம்பி, ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்பவன் போலப் பேசினான்.

"மாமா, கம்பெனியில புது மாடல் ஒண்ணு எடுத்திருக்காங்களாம். மோட்டார் ரூமே கெடையாதாம். மெஷின் பெட்டி பக்கத்துலயே உக்காந்துடுதாம். அது எப்படி மாமா?"

பதில் வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுப்படியில் நின்ற அவளுக்கு அந்தக் குரல் அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு கரகரத்திருந்தது. பெல்ட்டு ரோப்பா இருக்கும் மச்சான், தட்டையாக வரும், அதற்குச் சின்ன சக்கரம் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருகிறான். இப்போது செயற்கைக் கால் வைத்திருக்கிறான். கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் வேலை. வந்தால் ஒருமணி நேரம் இருப்பான். போகும்போது "வரேன் மாமா" என்பான். அக்கா என்று இந்த ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. அவன் மனைவி அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

அவன் வரும் நாளில் சீட்டக்கா மூன்று டம்ளரில் டீ போடுவாள். இரண்டைத் தட்டில் வைத்துக் கணவரிடம் கொடுப்பாள். அவர் ஒன்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டுவார். அவர் கையிலிருந்துதான் அவன் வாங்கிக்கொள்வான். தன்னுடையதை அவள் அடுப்படியில் நின்றபடியே குடிப்பாள்.